போகிக்கு ஒரே வீச்சா, ஞாயிறுக்கு ஒரு தட்டா?

புது வருடக் காலண்டரை மாட்டப் போனபோதுதான் பார்த்தேன், கூடத்து ஆணியில் ஏற்கெனவே ஐந்து காலண்டர் அட்டைகள் ஒன்றன் மேல் ஒன்றாகத் தொங்கிக்கொண்டிருந்தன. தாளெல்லாம் கிழித்தாயிற்று. மிச்சம் இருப்பது அட்டையும் அதில் சிரிக்கிற முருகரும்தான். சாமி படத்தைக் குப்பையில் போட மனசு வராமல், வருடா வருடம் பழையதன் மேலேயே புதியதை மாட்டியிருக்கிறோம். ஆறாவதை ஆணி தாங்கவில்லை. காரையோடு பெயர்ந்து என் கையில் வந்தது.

வேறு ஆணி அடிக்கலாம் என்றால் ஆணி டப்பா எங்கே என்று யாருக்கும் தெரியவில்லை. ஆனால் வீட்டில் எங்கேயோ இருக்கிறது என்பதில் யாருக்கும் சந்தேகமே இல்லை.

இந்த வருடம் வீட்டை ஒழித்தே தீர்வது என்று அன்றைக்கு முடிவெடுத்தேன். போன வருடமும் இதே முடிவுதான், அதற்கு முந்தைய வருடமும். மூன்று வருடத்தில் நான்கு முறைகளை நானே செய்து பார்த்துவிட்டேன். போகிக்கு இன்னும் பத்து நாள்கூட இல்லாத இந்த நேரத்தில், எந்த முறையில் இறங்குவது என்று யோசிக்கிறவர்களுக்கு என் அனுபவம் உதவலாம்.

முதலில் எங்கள் வீடு எப்படிப்பட்டது என்று சொல்லிவிடுகிறேன். வேலூர் தோட்டப்பாளையத்தில், கீழே நாங்கள் ஐந்து பேர். மேலே இரண்டு சின்ன போர்ஷன், சி.எம்.சி.க்கு வைத்தியம் பார்க்க வருகிறவர்களுக்கு வார வாடகைக்கும் மாத வாடகைக்கும் விடுகிறோம். கொல்கத்தாவிலிருந்தும் ராஞ்சியிலிருந்தும் வருகிறவர்கள் இங்கே வந்ததும் வாளி, மக், பாய், தோசைக்கல், சின்னக் குக்கர் என்று வாங்குவார்கள். காட்பாடியில் ரயில் ஏறும்போது வாளியைத் தூக்கிக்கொண்டா போக முடியும்? அப்படியே விட்டுப் போவார்கள். அதெல்லாம் மாடிப்படிக்குக் கீழே சேரும். அங்கே இடம் இல்லாதபோது எங்கள் பரணுக்கு வரும். அதோடு 2019 கோடையில், ஜோலார்பேட்டையிலிருந்து சென்னைக்கு ரயிலில் தண்ணீர் போன அந்தப் பஞ்சத்தில், நாங்கள் வாங்கிய மூன்று நீல டிரம். அரசு கொடுத்த 14 அங்குலக் கலர் டிவி. பிறகு வந்த ஆட்சி கொடுத்த மிக்ஸி. எதை எடுத்தாலும் அத்தை சொல்வது ஒரே வாக்கியம்: "இருக்கட்டும்மா, எப்பனா உதவும்."

சரி, போகி முறைக்கு வருவோம்.

மார்கழி கடைசி மூன்று நாளில் மொத்த வீட்டையும் புரட்டிவிடுவது. நம் ஊருக்குப் பழக்கமானது, யாருக்கும் விளக்கம் சொல்ல வேண்டாம். எல்லோரும் வீட்டில் இருப்பார்கள், பிள்ளைகள் ஆளுக்கொரு மேளத்தோடு உற்சாகமாகத் திரிவார்கள், தெருவே ஒழிக்கும்போது நாமும் ஒழிப்போம். கெடு தானாகவே வந்துவிடுகிறது. பொங்கலன்று காலை பானை வைக்க இடம் வேண்டுமே! இந்த வேகம் வேறு எந்த முறையிலும் வராது.

மூன்று வருடத்துக்கு முன்னால் இப்படித்தான் இறங்கினோம். முதல் நாள் பரணிலிருந்து 11 மூட்டை இறக்கினோம். அன்று சாயங்காலம் வரை ஒவ்வொரு பொருளையும் கையில் எடுத்துப் பார்த்து முடிவு செய்தோம். இரண்டாம் நாள் மூட்டையைத் திறந்து எட்டிப் பார்த்து முடிவு செய்தோம். மூன்றாம் நாள் மூட்டையைத் திறக்கவே இல்லை. வெள்ளையடிக்கிறவர் வந்து நிற்கிறார், கரும்பு வாங்க வேண்டும், மஞ்சள் கொத்து வாங்க வேண்டும். 9 மூட்டை திரும்பப் பரணுக்கே ஏறியது. பழைய துணி மூட்டைக்குப் புதுக் கயிறு கட்டியதுதான் மிச்சம்.

மீதி இரண்டு மூட்டையாவது ஒழிந்ததே என்று பார்த்தால், அதில் ஒன்று போயிருக்கவே கூடாத மூட்டை. பழைய நோட்டுப் புத்தகம் என்று நினைத்து நான்தான் எடைக்குப் போட்டேன். பொங்கல் கழிந்து நான்காம் நாள் என் வீட்டுக்காரர் வீட்டு வரி ரசீதைத் தேடினார். அப்போதுதான் வயிற்றில் புளி கரைத்தது. பழைய பேப்பர் கடையில், மலையாகக் கிடந்த குவியலில் ஒரு மணி நேரம் உட்கார்ந்து தேடினோம். கடைக்காரர் நல்ல மனிதர், பையனையும் கூட விட்டார். மஞ்சள் துணிப்பைக்குள் ரசீதுகள் கிடைத்தன. அதற்கு அடியில், மாமனார் 1984-ல் வீட்டு மனை வாங்கிய கிரயப் பத்திரம். "வட ஆற்காடு மாவட்டம், வேலூர் தாலுகா" என்று ஆரம்பிக்கும். அந்த மாவட்டத்தை 1989-ல் இரண்டாகப் பிரித்தார்கள், பெயர் மாற்றினார்கள், 2019-ல் மறுபடி மூன்றாக்கினார்கள். மனை மட்டும் அதே இடத்தில் இருக்கிறது. அதற்கான ஒரே காகிதத்தைக் கிலோ 12 ரூபாய்க்கு நான் கொடுத்திருக்கிறேன்!

அதற்காகப் போகி முறையே தப்பு என்று சொல்ல மாட்டேன். சின்ன வீடு, வாடகை வீடு, இரண்டு மூன்று பேர், பரண் இல்லை என்றால் அதுவே போதும். பத்து வருடச் சேர்மானம் உள்ள வீட்டுக்கு மூன்று நாள் போதாது. களைத்துப்போன கை இரண்டே காரியம் செய்யும்: எல்லாவற்றையும் வைத்துக்கொள்ளும், அல்லது எல்லாவற்றையும் தூக்கிப் போடும்.

கொளுத்துவது பற்றியும் ஒரு வார்த்தை. பாய், துடைப்பம், ஓலை இருந்த காலத்தில் எரித்தார்கள், சாம்பலானது. இன்று நம் வீட்டில் பழசு என்றால் பாலியெஸ்டர் போர்வை, பிளாஸ்டிக் கூடை, டயர், ரெக்சின் பை. மார்கழிக் குளிரில் அந்தப் புகை மேலே ஏறாமல் தெருவிலேயே நிற்கிறது. மேல் போர்ஷனில் ஆபரேஷன் முடிந்து படுத்திருக்கிறவர் அன்று விடியற்காலை இருமியதைக் கேட்ட பிறகு, நாங்கள் வாசலில் நாலு வறட்டியும் கொஞ்சம் காய்ந்த ஓலையும் வைத்துச் சாங்கியத்துக்குக் கொளுத்துவதோடு நிறுத்திக்கொண்டோம்.

அடுத்த வருடம் தினம் பதினைந்து நிமிடம் என்ற முறை. போனைத் திறந்தால் எல்லோரும் இதைத்தான் சொல்கிறார்கள். எனக்கு ஒன்பது நாள் ஓடியது. காலையில் தண்ணீர் பிடிக்க வேண்டும், பள்ளிக்கூட டிபன், மேலே போர்ஷனில் பல்ப் போய்விட்டது என்று அழைப்பு. பதினைந்து நிமிடத்தில் ஏணியை எடுத்து வருவதற்கே ஐந்து போய்விடும். அதனால் கை எப்போதும் சுலபமான இடத்துக்கே போகும். என் மேசை டிராயரை அந்த ஒன்பது நாளில் மூன்று தடவை அடுக்கினேன். ஃபிரிட்ஜ், செருப்பு ஸ்டாண்டு, மருந்து டப்பா, கைப்பை மாதிரி தானாக நிறையும் இடங்களுக்கு இது நல்ல முறை. ஒழித்த வீட்டை ஒழித்தபடி வைத்திருக்க உதவும். ஒழிப்பதற்கு உதவாது.

போன வருடம் மே மாத விடுமுறையில் மூன்றாவது முறை: அறை வாரியாகப் போகாமல் பொருள் வாரியாகப் போவது. வீட்டில் உள்ள எல்லாப் பாத்திரத்தையும் ஒரே இடத்தில் கொட்டு, பிறகு பிரி. இதில் ஒரு பெரிய நன்மை உண்டு. தனித்தனி இடத்தில் இருக்கும்போது தெரியாத கணக்கு, கொட்டியதும் கண்ணுக்குத் தெரிந்துவிடும். எங்களிடம் 17 எவர்சில்வர் டிபன் பாக்ஸ் இருந்தது. டிபன் கட்டிக்கொண்டு போகிறவர்கள் மூன்று பேர்.

கூடத்தில் பாத்திரத்தைப் பரப்பிவிட்டு அத்தையைக் கூப்பிட்டேன். அவர் முட்டியைப் பிடித்துக்கொண்டு மெதுவாக உட்கார்ந்தார். ஒரு தூக்குவாளியை எடுத்து வெளிச்சத்தில் சாய்த்தார். அடிப்பக்கத்தில் புள்ளி புள்ளியாகப் பெயர் வெட்டியிருந்தது. பெயர், ஊர், தேதி. கண்ணாடி இல்லாமலேயே விரலால் தடவிப் படித்தார். "இது உங்க மாமா தங்கச்சி, குடியாத்தத்துல இருந்து வந்து வெச்ச சீரு." அடுத்த குடத்தை எடுத்தார். "இது யாருன்னே தெரியல. எடுத்துடு." அடுத்தது, "இவ நம்ம வூட்டு விசேஷத்துக்கு வெச்சா, அவ பொண்ணு கல்யாணத்துக்கு நாம இன்னா வெச்சோம்னு கேட்டா சொல்லத் தெரியணுமே, இருக்கட்டும்."

அதுவரை அவர் எதையுமே விட மாட்டார் என்றுதான் நினைத்திருந்தேன். எனக்குத் தெரியாமல் அவரிடம் ஒரு கணக்கு இருந்திருக்கிறது. பெயர் தெரிந்தால் வைத்துக்கொள், தெரியாவிட்டால் விடு. நான் பொருளைப் பார்த்து முடிவெடுக்கிறேன், அவர் ஆளைப் பார்த்து முடிவெடுக்கிறார். அன்று அவராக ஒதுக்கியது 23 பாத்திரம். நான் மட்டும் உட்கார்ந்திருந்தால் இரண்டுகூட நகர்ந்திருக்காது, நகர்ந்திருந்தாலும் ஒரு வாரம் பேச்சு வார்த்தை இருந்திருக்காது.

அப்புறம் ஏன் இந்த முறையைத் தொடரவில்லை என்றால், இடம். துணியைக் கொட்டிய அன்று ராத்திரி படுக்கக் கட்டில் இல்லை. பத்துக்குப் பத்து அறைக்குள் ஐந்து பேரின் துணியைக் குவித்தால் யாருடையது எது என்று பிரிப்பதற்கே பொழுது போய்விடும். இன்னொன்று நான் செய்த முட்டாள்தனம்: வேலூர் மே மாதம். 40 டிகிரிக்கு மேல் போகிற நாளில் மொட்டை மாடிக்குக் கீழே இருக்கும் பரணில் தலையை நுழைத்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அது அடுப்புக்குள் எட்டிப் பார்ப்பது மாதிரி. அரை மணி நேரத்தில் தலை சுற்றி இறங்கிவிட்டேன்.

காசு கொடுத்து ஆள் வைப்பதும் ஒரு வழி. இறக்க, ஏற்ற, துடைக்க ஆள் வைத்துக்கொள்ளலாம், தப்பே இல்லை. எது போகலாம் என்று முடிவெடுக்க ஆள் வைக்க முடியாது. அதற்கு மேல் இதில் சொல்ல ஒன்றுமில்லை.

கடைசியாக, போன வருடம் ஆடியில் ஆரம்பித்தது ஞாயிறு முறை. ஞாயிற்றுக்கிழமைக்கு ஒரு தட்டு. ஒரு பீரோ என்றுகூட இல்லை, பீரோவில் ஒரு தட்டு. பரணில் ஒரு மூட்டை. காலை டிபன் முடிந்ததும் இறக்கி, சமையலுக்கு முன்னால் முடித்துவிட வேண்டும். ஞாயிறு என்று வைத்ததற்குக் காரணம் ஓய்வு நாள் என்பதல்ல. எங்கள் தெருவில் ஞாயிறு பதினொரு மணிக்குத்தான் மூன்று சக்கர வண்டியில், "பழைய இரும்பு, பித்தளை, ஈயம், பழைய பேப்பர்" என்று ஸ்பீக்கர் போட்டுக்கொண்டு ஒருவர் வருகிறார். பத்து மணிக்கு ஒதுக்கியது பதினொன்றுக்கு வெளியே போய்விடும். மத்தியானம் அத்தைக்கு மனசு மாற நேரம் இல்லை. எனக்கும்தான்.

தீபாவளி வரை 11 ஞாயிறு செய்தோம். நடுவில் இரண்டு மூன்று வாரம் கல்யாணம், காரியம் என்று விட்டுப்போனது. விட்டுப்போனதால் ஒன்றும் கெட்டுவிடவில்லை, அடுத்த ஞாயிறு அடுத்த தட்டு. மூன்று நாள் போகியில் ஒழிந்ததைவிட இதில் ஒழிந்தது அதிகம், ஒரு பத்திரமும் காணாமல் போகவில்லை. குறை என்று சொன்னால், பார்க்க ஒன்றும் தெரியாது. ஒரு மாதம் செய்த பிறகும் வருகிறவர்கள் "என்ன, வீடு இப்படிக் கிடக்கு" என்றுதான் கேட்பார்கள். சட்டென்று பளிச்சென்று இருக்க வேண்டும் என்கிறவர்களுக்கு இது ஒத்துவராது.

ஆகவே இந்த வருடம் ஞாயிறு முறைதான். போகியை விடவில்லை, வாசல், சமையலறை, பூஜை அலமாரி மூன்றும் போகிக்கு. மீதியை ஊரின் பருவத்துக்கு ஏற்றபடி பிரித்து வைத்திருக்கிறேன். தை, மாசி இரண்டும் பரணுக்கு. மழை ஈரம் காய்ந்திருக்கும், வெயிலும் ஏறியிருக்காது. பங்குனிக்கு மேல் ஏணியைத் தொடக் கூடாது. சித்திரை, வைகாசியில் ஃபேனுக்கு அடியில் உட்கார்ந்து காகிதம், போட்டோ, மருந்துச் சீட்டு பார்க்கலாம். புத்தகத்தைச் சரஸ்வதி பூஜைக்கு எப்படியும் இறக்கித்தான் ஆக வேண்டும், அதனால் அதற்குத் தனி ஞாயிறு வேண்டாம். ஐப்பசி, கார்த்திகையில் மெத்தை, ரஜாய் எதையும் பிரிக்கவே கூடாது, பிரித்தால் பூஞ்சை. அந்த இரண்டு மாதத்துக்கு ஒரே வேலை, தரையோடு இருக்கும் மூட்டைகளை ஒரு முழம் மேலே ஏற்றுவது. 2021 நவம்பரில் பாலாற்றில் வெள்ளம் வந்தபோது பலர் வீட்டில் நனைந்தது தரையில் இருந்த மூட்டைகள்தான்.

இலக்கை எப்படிச் சொல்லிக்கொள்வது என்பதிலும் வித்தியாசம் இருக்கிறது. "பரணைக் காலி செய்வேன்" என்று நான் மூன்று வருடம் எழுதினேன். அது எப்போது முடிந்தது என்று தெரியாத இலக்கு. ஒரு தடவை "வாரம் 25 பொருள்" என்று எண்ணிக்கை வைத்தேன். என் பையன் மூடி இல்லாத பேனா ஒரு டஜன், பேனா இல்லாத மூடி ஒரு டஜன், ஒரு ரப்பர் என்று கணக்குக் காட்டிவிட்டு விளையாடப் போய்விட்டான். இப்போது இட அளவுதான் இலக்கு. கேரி பேக், துணிப்பை எல்லாம் சேர்த்து ஒரே ஒரு பை. வீட்டுக் காகிதம் இரண்டு ஃபைல், ஒன்றில் மனை, வரி, பள்ளிச் சான்றிதழ், மற்றதில் மீதி. வாளி ஆறு. அத்தைக்கு ஒரு டிரங்குப் பெட்டி, ஒரு தட்டு. அதை நான் திறக்கவே மாட்டேன் என்று வாக்குக் கொடுத்திருக்கிறேன். அது நிறைந்தால் எதை எடுப்பது என்று அவரே பார்த்துக்கொள்வார்.

போகிற வழி தெரியாமல் ஒதுக்கி வைத்தால் ஒதுக்கிய மூட்டையே புது அடைசல் ஆகிவிடும். இரும்பும் பேப்பரும் வண்டிக்காரருக்கு. ஆதார் நகல், பேங்க் காகிதத்தை மட்டும் கிழித்துப் போடுங்கள். நாளைக்கு யாரோ ஒருவருக்கு உங்கள் ஆதாரில் பஜ்ஜி மடித்துக் கொடுப்பார்கள். பித்தளை அண்டா, தவலை வைத்திருப்பவர்கள் லாங் பஜார் பக்கம் இரண்டு மூன்று கடையில் கேட்டுவிட்டுக் கொடுங்கள், தெருவில் அவசரப்பட வேண்டாம். இன்வெர்ட்டர் பேட்டரி பழசானாலும் காசு. புது பேட்டரி வாங்கும்போது கழித்துக்கொள்வார்கள். பழைய எக்ஸ்ரே பிலிமில் வெள்ளி இருக்கிறது, அதற்கென்றே வாங்குகிறவர்கள் உண்டு. ஆனால் ஆபரேஷன் செய்துகொண்டவரின் பழைய படத்தை டாக்டரைக் கேட்காமல் கொடுக்காதீர்கள்.

அந்தக் கலர் டிவியை மட்டும் தெருவண்டியில் போடவில்லை. பழைய பிக்சர் ட்யூப் கண்ணாடியில் காரீயம் கலந்திருக்கும், உள்ளே காற்றில்லாத வெற்றிடம், செம்புக்காகச் சுத்தியலால் உடைக்கும்போது வெடித்துச் சிதறும். உடைப்பவர் பெரும்பாலும் வெறும் கையோடு இருக்கிற ஒரு பையன். புது டிவி வாங்கும்போது எக்ஸ்சேஞ்சில் கொடுத்துவிட்டோம், கிடைத்த தொகை ஆட்டோவுக்குக்கூடக் காணாது, பரவாயில்லை. காலாவதி மாத்திரை, பட்டன் பேட்டரி, பாதரசம் உள்ள சுருள் பல்ப் இதெல்லாம் ஈரக் குப்பை, உலர்ந்த குப்பை இரண்டிலும் சேராத தனி வகை. ஒரு டப்பாவில் தனியாகச் சேர்த்து, வாசலுக்கு வரும் தூய்மைப் பணியாளரிடம் இன்னதென்று சொல்லிக் கொடுக்க வேண்டும். நல்ல துணி, பொம்மை, புத்தகம் வாங்கிக்கொள்ளும் மையங்களை 2023-ல் ஒன்றிய அரசு நாடு முழுக்க நகரங்களில் திறக்கச் சொன்னது. உங்களுக்குப் பக்கத்தில் எங்கே என்று அந்தப் பணியாளரையே கேளுங்கள், நம்மைவிட அவருக்குத் தெரியும்.

வாளிகளுக்குக் கிடைத்த வழிதான் எனக்கு ரொம்பப் பிடித்தது. மாடிப்படி வளைவில் ஒரு ரேக் போட்டோம். மேல் போர்ஷனைக் காலி செய்கிறவர்கள் வாளி, பாய், குக்கரைக் கழுவி அதில் வைத்துவிட்டுப் போகலாம், புதிதாக வருகிறவர்கள் எடுத்துக்கொள்ளலாம். போன வாரம் ராஞ்சியிலிருந்து வந்த ஒரு அம்மா ரேக்கையே வெறித்துப் பார்த்துக்கொண்டு நின்றார். எனக்குத் தெரிந்த அரைகுறை இந்தியில் "லே லோ, லே லோ" என்றேன். தோசைக்கல்லை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, ரொட்டிக்கு ஆகும் என்று எடுத்துக்கொண்டார். ஆறு மாதமாக ஒரு வாளிகூடப் பரணுக்கு ஏறவில்லை.

முருகர் அட்டைகளுக்கு அத்தையே வழி சொன்னார். படத்தை ஈரத்துணியால் துடைத்து, பூ வைத்து, ஒன்றைப் பூஜை அறையில் வைத்துக்கொண்டார். மற்ற நான்குக்கும் பின்பக்கம் வெள்ளைத் தாள் ஒட்டி, பேரப்பிள்ளைகளுக்கும் எதிர்வீட்டுப் பிள்ளைக்கும் எழுதுகிற அட்டையாகக் கொடுத்துவிட்டார்; பரீட்சைக்கு முருகரோடு போனால் நல்லதுதானே.

புதுக் காலண்டர் இப்போதைக்கு ஜன்னல் கம்பியில் நூல் கட்டித் தொங்குகிறது. ஆணி டப்பா படிக்கட்டுக்குக் கீழே இரண்டாவது தட்டில் இருக்கலாம் என்று வீட்டுக்காரர் சொல்கிறார். அந்தத் தட்டின் முறை பங்குனி முதல் ஞாயிறு.